தூரத்தை அளந்தால் போர் புரியும்: பசிபிக் போரை மைதானத்தில் கற்பித்த அனுபவம்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை நான் பல ஆண்டுகளாக ஒரே முறையில்தான் நடத்திவந்தேன். கரும்பலகையில் இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் நிகழ்வு. 1941 முத்துத் துறைமுகம். 1942 மிட்வே, குவாடல்கனால். 1945 ஹிரோஷிமா, நாகசாகி. மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள், மனப்பாடம் செய்வார்கள், தேர்விலும் சரியாகவே எழுதிவிடுவார்கள்.

ஓர் ஆண்டு, பாடத்தின் நடுவில் ஒரு மாணவி எழுந்தாள். "மிட்வேல அப்படி என்ன டீச்சர் இருக்கு? ரெண்டு பெரிய நாடும் அதுக்கு ஏன் அடிச்சுக்கிட்டாங்க?" என்று கேட்டாள். "அது ராணுவ முக்கியத்துவம் வாய்ந்த இடம்" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் தெளிவு இல்லை. எனக்கும் அந்தப் பதிலில் திருப்தி இல்லை. மிட்வே தீவுகளின் மொத்தப் பரப்பு சுமார் 6 சதுர கிலோமீட்டர்தான். அங்கே எண்ணெய் இல்லை, தங்கம் இல்லை, குடிநீர்கூடத் தட்டுப்பாடு. பிறகு ஏன்?

அடுத்த வாரம் வகுப்புத் தேர்வில் உலக வரைபடம் கொடுத்து ஐந்து இடங்களைக் குறிக்கச் சொன்னேன். ஆண்டுகளைத் தப்பில்லாமல் எழுதிய பிள்ளைகள் மிட்வேயை ஆப்பிரிக்காவின் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒருவன் முத்துத் துறைமுகம் என்று தூத்துக்குடியைக் குறித்திருந்தான். "முத்துநகர்னா தூத்துக்குடிதானே டீச்சர்?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று நான் காட்டியதே இல்லை.

இந்தக் கட்டுரை, அதன்பிறகு நான் அந்தப் பாடத்தை மாற்றி நடத்திய விதத்தைப் பற்றியது. எங்கள் பள்ளி இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள அரசுப் பள்ளி. ஆனால் இதை எந்த ஊரிலும் செய்யலாம். தேவையானவை ஒரு பெரிய மைதானம், 15 மீட்டர் நீளத்தில் இரண்டு கயிறுகள், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி, பன்னிரண்டு கற்கள், ஓர் உலக உருண்டை ஆகியவை மட்டுமே.

சுவர் வரைபடத்தின் சிக்கல்

முதலில் நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் வலது ஓரத்தில் ஜப்பான் இருக்கும். ஹவாய்த் தீவுகள் இடது ஓரத்தில் இருக்கும். நடுவில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் இருக்கும். அதாவது பசிபிக் பெருங்கடல் இரண்டாக வெட்டப்பட்டு இரு ஓரங்களுக்குப் போயிருக்கும். அந்த வரைபடத்தைப் பார்க்கும் குழந்தைக்கு ஜப்பானும் அமெரிக்காவும் எதிரெதிர்க் கரையில் இருப்பவை என்றே தோன்றாது.

உண்மையில் பசிபிக் பெருங்கடலின் பரப்பு சுமார் 16.5 கோடி சதுர கிலோமீட்டர். உலகிலுள்ள எல்லா நிலப்பகுதிகளையும் தூக்கி அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். உலக உருண்டையைச் சுற்றி, பசிபிக் நடுவில் வரும்படி மாணவர்களிடம் காட்டினேன். "முழுக்கத் தண்ணியா இருக்கே!" என்றார்கள். பாடத்தை அந்த வியப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தப் போர் நிலத்துக்கு நடுவே நடந்த போர் அல்ல. பெரும் நீர்ப்பரப்பில், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த நிலத்துண்டுகளுக்காக நடந்த போர்.

மைதானத்தில் ஒரு பெருங்கடல்

அளவுகோல்: 1 மீட்டர் = 500 கிலோமீட்டர். முதல் கல் டோக்கியோ. அங்கிருந்து ஹொனலுலு சுமார் 6,200 கி.மீ., அதாவது 12.4 மீட்டர். முத்துத் துறைமுகம் ஹொனலுலுவை ஒட்டியே இருப்பதால் இரண்டுக்கும் ஒரே கல் போதும். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 3,850 கி.மீ., அதாவது 7.7 மீட்டர். மற்ற இடங்களை இரண்டு கற்களிலிருந்து கயிறு பிடித்து, இரண்டு கயிறும் சந்திக்கும் இடத்தில் வைக்கலாம். கணித ஆசிரியரை உதவிக்கு அழைத்தேன். வட்டமும் வெட்டுப்புள்ளியும் அன்று மைதானத்திலேயே நடந்தன.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூமி உருண்டை, மைதானம் தட்டை. எனவே எல்லாத் தூரங்களும் கச்சிதமாக ஒத்துவராது. நான் இதை முதலில் சொல்லாமல் விட்டதால் இரண்டு குழுக்கள் சண்டை போட்டுக்கொண்டன.

மிட்வேக்கு வந்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. டோக்கியோவிலிருந்து சுமார் 4,100 கி.மீ., அதாவது 8.2 மீட்டர். ஹொனலுலுவிலிருந்து சுமார் 2,100 கி.மீ., அதாவது 4.2 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 12.4. டோக்கியோவுக்கும் ஹொனலுலுவுக்கும் இடையே போட்ட கோட்டின் மேலேயே கல் வந்து உட்கார்ந்தது. கேள்வி கேட்ட அதே மாணவி, "அப்போ இது வழியில இருக்கிற வாசப்படி மாதிரி டீச்சர்" என்றாள். நான் பல ஆண்டுகள் சொல்லத் தெரியாமல் இருந்த பதில் அதுதான்.

ஜப்பான் தெற்கே போனது ஏன்?

சிங்கப்பூர்க் கல்லை டோக்கியோவிலிருந்து 10.6 மீட்டர் தள்ளி வைத்தோம். அதற்கு ஒரு மீட்டர் தெற்கே சுமத்ராவின் பாலெம்பாங். இந்தப் பாலெம்பாங்கில் எண்ணெய் வயல்கள் இருந்தன. போர்னியோவின் பாலிக்பாப்பானிலும் தாராக்கனிலும் இருந்தன.

ஜப்பானில் தொழிற்சாலைகள் இருந்தன, கப்பற்படை இருந்தது, ஆனால் எண்ணெய் ஏறக்குறைய இல்லை. பெரும்பகுதியை அமெரிக்காவிடமிருந்துதான் வாங்கியது. சீனாவில் போர் நடத்திக்கொண்டிருந்த ஜப்பான் 1941 ஜூலையில் தெற்கு இந்தோசீனாவுக்குள்ளும் படைகளை அனுப்பியதும், அமெரிக்கா எண்ணெய் விற்பதை நிறுத்தியது. கையிருப்பு தீர்வதற்குள் பின்வாங்க வேண்டும், அல்லது எண்ணெய் இருக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஜப்பானின் தலைவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். தெற்கே போகும்போது பக்கவாட்டிலிருந்து அமெரிக்கக் கப்பற்படை வந்து தடுக்கக் கூடாது என்பதற்காகவே முத்துத் துறைமுகத்தைத் தாக்கினார்கள்.

தாக்கிய கப்பல்கள் 1941 நவம்பர் 26 அன்று வடக்கே குரில் தீவுகளிலிருந்து புறப்பட்டன. வணிகக் கப்பல்கள் போகாத, குளிரும் கொந்தளிப்பும் மிகுந்த வடகடல் வழியாகச் சென்றதால் யார் கண்ணிலும் படவில்லை.

இங்கே ஒரு புதிர் போட்டேன். மலாயாவின் கோத்தாபாருவில் ஜப்பானியப் படை இறங்கியது முத்துத் துறைமுகத் தாக்குதலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு. ஆனால் நூல்களில் கோத்தாபாருவுக்கு டிசம்பர் 8 என்றும், முத்துத் துறைமுகத்துக்கு டிசம்பர் 7 என்றும் இருக்கும். முதலில் நடந்ததற்கு எப்படி அடுத்த நாள் தேதி? பன்னாட்டுத் தேதிக்கோட்டைப் புவியியல் பாடத்தில் படித்தவர்கள்கூட ஐந்து நிமிடம் திணறினார்கள். பிறகு சுண்ணாம்புப் பொடியால் அந்தக் கோட்டை மைதானத்தில் போட்டார்கள். அது மிட்வேக்குச் சற்று மேற்கே போனது.

மிட்வே: குடிநீர் காட்டிக்கொடுத்த ரகசியம்

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும், 9 அன்று திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அந்த நாட்களில் சென்னையிலிருந்தும் மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். "பிறகு ஏன் அவங்க நம்ம பக்கம் வரலை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதே கப்பல்களுக்குப் பசிபிக்கில் வேலை இருந்தது என்பது பதிலின் ஒரு பகுதி. கொழும்பைத் தாக்கிய விமானம் தாங்கிக் கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் இரண்டே மாதத்தில் மிட்வேயில் மூழ்கின. நான்காவதாக மூழ்கியது காகா. அது அவ்வாண்டு பிப்ரவரியில் பலாவ் தீவருகே பவளப்பாறையில் மோதிச் சேதமடைந்து, பழுதுபார்க்கச் சென்றதால் கொழும்புக்கு வரவில்லை.

ஜப்பானியர்களின் ரகசியச் செய்திகளில் அடுத்த இலக்கு இரண்டு எழுத்துக் குறியீடாக மட்டுமே இருந்தது. அது மிட்வேதானா என்று உறுதிசெய்ய அமெரிக்கர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று மிட்வேயிலிருந்து வெளிப்படையாக ஒரு பொய்ச் செய்தி அனுப்பச் சொன்னார்கள். சிறிது நாளில், அந்தக் குறியீட்டு இடத்தில் குடிநீர்த் தட்டுப்பாடு என்று ஜப்பானியச் செய்தி ஒன்று போனது. ஆறும் ஊற்றும் இல்லாத பவளத்தீவில் அந்தப் பொய் நம்பும்படி இருந்தது. 1942 ஜூன் 4 அன்று ஜப்பானியக் கப்பல்கள் வந்தபோது அமெரிக்கர்கள் காத்திருந்தார்கள். ஜப்பான் நான்கு விமானம் தாங்கிக் கப்பல்களை இழந்தது. அமெரிக்கா யார்க்டவுன் என்ற ஒன்றை இழந்தது.

குவாடல்கனால்: ஓர் ஓடுபாதைக்கு ஆறு மாதம்

நியூ பிரிட்டன் தீவில் உள்ள ரபவுல் ஜப்பானின் பெரிய தளம். அங்கிருந்து சாலமன் தீவுகளில் உள்ள குவாடல்கனால் சுமார் 1,050 கி.மீ., மைதானத்தில் 2.1 மீட்டர். குவாடல்கனாலில் ஜப்பானியர்கள் ஒரு விமான ஓடுபாதை அமைத்துக்கொண்டிருந்தார்கள். அது முடிந்தால் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான கப்பல் வழியைத் தாக்கலாம். 1942 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கப் படை இறங்கி, வேலை முடியும் தறுவாயில் இருந்த அந்த ஓடுபாதையைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு மாணவர்களை எதிரெதிராக நிறுத்தினேன். ஒருவன் ரபவுல், ஒருவன் குவாடல்கனால். ரபவுல் விமானம் நடந்து வந்து, சண்டை போட்டு, திரும்பிப் போக வேண்டும். மொத்த எரிபொருள் இத்தனை அடிகள்தான் என்று கணக்குக் கொடுத்தேன். வந்துசேரவே பாதி தீர்ந்துவிட்டது. உண்மையிலும் அப்படித்தான். ரபவுலிலிருந்து வந்த ஜப்பானிய விமானிகளுக்குத் தீவின் மேல் சண்டையிடச் சில நிமிடங்களே கிடைத்தன. அடிபட்ட விமானம் திரும்பும் வழியில் கடலில்தான் விழ வேண்டும். அமெரிக்க விமானிக்கு ஓடுபாதை காலடியிலேயே இருந்தது.

பகலில் வானம் அமெரிக்கர்கள் கையில் இருந்ததால், ஜப்பானியக் கப்பல்கள் இரவில் மட்டுமே வர முடிந்தது. சாலமன் தீவுகள் இரண்டு வரிசையாக நீண்டு கிடக்கின்றன. நடுவிலுள்ள கடல்வழியாக இருட்டில் விரைந்து வந்து, கொண்டுவந்ததை இறக்கிவிட்டு, விடிவதற்குள் திரும்பிவிடுவார்கள். வேகமான சிறு போர்க்கப்பல்களில் எவ்வளவு அரிசியை ஏற்ற முடியும்? அந்தத் தீவில் சண்டையில் இறந்த ஜப்பானிய வீரர்களைவிடப் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் அதிகம். ஜப்பானியர்களே அதைப் பட்டினித்தீவு என்று அழைத்தார்கள். 1943 பிப்ரவரியில் மிச்சமிருந்தவர்களை ஜப்பான் திரும்ப அழைத்துக்கொண்டது.

தராவா: என் மாணவன் நடத்திய பாடம்

எங்கள் பாடத்தில் தராவா இல்லை. ஆனால் ஓதத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தராவா ஒரு வட்டப் பவளத்தீவு. அதன் ஒரு மூலையில் உள்ள பெசியோ சுமார் 3 கி.மீ. நீளமும், அதிகபட்சம் முக்கால் கிலோமீட்டர் அகலமும் உள்ள சிறு தீவு. அங்கே ஜப்பானியர்களின் ஓடுபாதை இருந்தது. தீவைச் சுற்றிக் கடலுக்குள் பவளப்பாறை. 1943 நவம்பர் 20 அன்று காலை அமெரிக்கப் படகுகள் கரையை நோக்கிச் சென்றன. பாறையின் மேல் நான்கு அடித் தண்ணீராவது இருந்தால்தான் படகு கடக்கும். திட்டமிட்டவர்கள் அவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

"அன்னைக்கு நிலா பாதியா தேஞ்சிருந்தது. தண்ணி ஏறியிருக்குமா?" என்று கேட்டேன்.

கடைசி வரிசையில் எப்போதும் பேசாமல் நிற்கும் ஒரு மாணவன், "ஏறாது டீச்சர்" என்றான். அவன் அப்பாவுடன் விடுமுறை நாட்களில் கடலுக்குப் போகிறவன். வரைபடக் கேள்வியில் அவன் ஒருமுறைகூட முழு மதிப்பெண் வாங்கியதில்லை. "அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் நல்லா ஏறும், நல்லா வத்தும். அட்டமி பக்கம் ஏத்தமும் கம்மி, வத்தமும் கம்மி. பார்ல படகு தட்டும்" என்றான். எங்கள் பகுதியில் கடலடிப் பாறைத்திட்டைப் 'பார்' என்பார்கள்.

அவன் சொன்னதே நடந்தது. படகுகள் பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் இறங்கி, இடுப்பளவு, மார்பளவு நீரில் ஐந்நூறு மீட்டருக்கும் அதிகமான தூரத்தைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நடந்து கடக்க வேண்டியதாயிற்று. 76 மணி நேரத்தில் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கர்கள் இறந்தார்கள். தீவைக் காத்த ஏறக்குறைய 4,500 பேரில் உயிரோடு பிடிபட்டவர்கள் மிகச் சிலர். அவர்களிலும் பெரும்பாலோர் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள்.

பிற்காலத்தில் அமெரிக்க இயற்பியலாளர் டொனால்ட் ஓல்சன் அந்த நாளின் ஓதத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார். அரைநிலவு நாள் என்பதோடு, நிலவு பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருந்த நாட்களும் சேர்ந்துவந்தன. இரண்டும் சேர்ந்ததால் ஏற்றம் வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தது.

இதில் வகுப்பை அமைதியாக்கிய செய்தி வேறு. அந்தத் தீவுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர், அந்த நாட்களில் தண்ணீர் போதாது என்று முன்பே எச்சரித்திருந்தார். திட்டமிட்டவர்கள் துணிந்து அதே நாளில் இறங்கினார்கள். பாடத்தைக் கற்றுக்கொண்டது அதன் பிறகுதான். அடுத்த தீவுகளில் பாறையின் மேல் ஊர்ந்து ஏறக்கூடிய, நீரிலும் நிலத்திலும் செல்லும் ஊர்திகள் அதிகமாகப் பயன்படுத்தப்பட்டன. முன்கூட்டியே நீந்திச் சென்று ஆழத்தை அளக்கத் தனிக் குழுக்கள் உருவாக்கப்பட்டன.

"அவங்க ஊர்க்காரங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றான் என் மாணவன். அன்றுவரை நானும் அவனிடம் கடலைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

தாண்டிச் செல்லும் உத்தி

எல்லாத் தீவுகளையும் இப்படிப் பிடித்துக்கொண்டே போனால் போர் எப்போது முடியும்? வேண்டிய தீவை மட்டும் பிடித்துவிட்டு மற்றதைத் தாண்டிச் செல்வது என்ற முறை உருவானது. ரபவுலில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜப்பானியர்கள் இருந்தார்கள். அமெரிக்கர்கள் அதைப் பிடிக்கவே இல்லை. சுற்றியுள்ள இடங்களைப் பிடித்து, விமானங்களால் தாக்கி, கப்பல் போக்குவரத்தை அறுத்தார்கள். அவ்வளவு பெரிய படை போர் முடியும்வரை அங்கேயே காய்கறி பயிரிட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தது. நிலத்தில் ஒரு படையைத் தாண்டிப் போனால் அது பின்னாலிருந்து தாக்கும். தீவில் இருக்கும் படைக்குக் கப்பல் இல்லையென்றால், கடலே சிறைச்சுவர்.

எந்தத் தீவு வேண்டும், எது வேண்டாம் என்பதைக் கயிறே காட்டும். பி-29 என்ற குண்டுவீச்சு விமானம் சுமார் 2,400 கி.மீ. போய்க் குண்டுபோட்டுத் திரும்பும். டோக்கியோ கல்லில் 4.8 மீட்டர் கயிற்றைக் கட்டி வட்டம் போடச் சொன்னேன். வட்டம் சைபான் கல்லை ஒட்டிப் போனது. அதற்கு முன்பு இதே விமானங்களைச் சீனாவிலிருந்து இயக்க, எரிபொருளைக்கூட இந்தியாவிலிருந்து இமயமலைக்கு மேலாக விமானத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது. சைபானுக்கோ கப்பலிலேயே கொண்டுவரலாம். 1944 ஜூன் 15 அன்று சைபானில் அமெரிக்கப் படை இறங்கியது. ஜூலையில் தீவு வீழ்ந்தது. அதே மாதம் ஜப்பானியப் பிரதமர் தோஜோ பதவி விலகினார். இனி வீடுகளின் மேல் குண்டு விழும் என்பது டோக்கியோவில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவுக்குச் சென்ற விமானம் சைபானுக்கு அடுத்துள்ள டினியன் தீவிலிருந்துதான் புறப்பட்டது.

சைபானுக்கும் டோக்கியோவுக்கும் நடுவே பாதி வழியில் ஐவோ ஜிமா. எரிமலைச் சாம்பல் நிறைந்த, சுமார் 21 சதுர கி.மீ. தீவு. கரையின் கறுப்பு மணலில் கால் புதைந்தது. பதுங்குகுழி தோண்டினால் சரிந்தது. ஜப்பானியர்களோ பாறைக்குள் சுரங்கங்கள் குடைந்து காத்திருந்தார்கள். 1945 பிப்ரவரி 19 தொடங்கி ஐந்து வாரம் நடந்த சண்டையில் 6,800 அமெரிக்கர்களும், ஏறக்குறைய 20,000 ஜப்பானியர்களும் இறந்தார்கள்.

அறுந்த கடல்வழியும் சயாம் ரயிலும்

பாலெம்பாங்கிலிருந்து டோக்கியோவரை ஒரு கயிற்றை நீட்டிப் போட்டோம். ஜப்பான் பிடித்த எண்ணெய் இத்தனை தூரம் கடலில் வந்தாக வேண்டும். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் இந்த வழியில் காத்திருந்தன. அவர்களின் கப்பற்படையில் நீர்மூழ்கிப் பிரிவினர் சுமார் 2 விழுக்காடுதான். ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் அவர்களால் மூழ்கடிக்கப்பட்டன. எந்த எண்ணெய்க்காகப் போர் தொடங்கியதோ, அது கையில் இருந்தும் வீட்டுக்கு வந்துசேரவில்லை.

கடல்வழி ஆபத்தானதன் விளைவு நம் மக்கள் தலையிலும் விழுந்தது. பர்மாவில் உள்ள படைகளுக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக் கப்பலில் பொருள் அனுப்புவது அபாயமாகிவிட்டதால், சயாமிலிருந்து பர்மாவுக்குக் காடுகள் வழியாக 415 கி.மீ. ரயில்பாதை போட ஜப்பான் முடிவு செய்தது. 1943 அக்டோபரில் முடிந்த அந்தப் பாதையில் போர்க்கைதிகளோடு, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் உழைத்து மாண்டார்கள். சயாம் மரண ரயில் என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். சில மாணவர்களின் வீடுகளில் மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர்களின் கதை இருக்கலாம். கேட்டுவரச் சொல்லுங்கள்.

கற்களுக்கு அடியில் இருந்தவர்கள்

இரண்டாம் நாள் முடிவில், கற்களைப் பொறுக்கும்போது ஒரு மாணவி கேட்டாள். "இந்தத் தீவுல எல்லாம் முன்னாடியே ஆளுங்க இருந்தாங்களா டீச்சர்?"

இரண்டு நாட்களாக நாங்கள் தூரத்தைப் பேசினோம், ஓடுபாதையைப் பேசினோம். ஊர்க்காரர்களைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாளை அதற்கென ஒதுக்கினேன்.

நவுரு தீவும் ஐவோ ஜிமாவைப் போலவே சுமார் 21 சதுர கி.மீ. தராவாவிலிருந்து ஏறக்குறைய 700 கி.மீ. அங்கே வாழ்ந்தவர்களில் 1,200 பேரை ஜப்பானியர்கள் 1943இல் டிரக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்கு ஏற்றிச் சென்றார்கள். 1946 ஜனவரியில் ஊர் திரும்பியவர்கள் 737 பேர். இதைக் கேட்டதும் பிள்ளைகள் தாங்களாகவே பதின்மூன்றாவது கல்லை எடுத்து வைத்தார்கள்.

ஐவோ ஜிமாவில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர்கள் இருந்தன. 1944இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்றுவரை அவர்களின் குடும்பங்கள் அங்கே திரும்பிக் குடியேற முடியவில்லை. ஒகினாவாவில் 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போரில் ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அங்கே 1995இல் அமைக்கப்பட்ட நினைவிடத்தில், எந்த நாட்டவர் என்று பாராமல் இறந்தவர்கள் அனைவரின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள்.

சாலமன் தீவுகளில் இன்றும் மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன. அடுப்பு மூட்டும்போது வெடித்து உயிர் போவதும் நடக்கிறது. அதே தீவுகளைச் சேர்ந்த பியூக்கு காசா, எரோனி குமானா என்ற இருவர்தான், 1943 ஆகஸ்டில் படகு உடைந்து தவித்த ஓர் இளம் அமெரிக்க அதிகாரியின் செய்தியைத் தேங்காயில் பொறித்து வாங்கிக்கொண்டு, எதிரிகள் நடமாடும் கடலில் தோணி வலித்துச் சென்று காப்பாற்றினார்கள். அந்த அதிகாரி ஜான் கென்னடி. பிறகு அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார்.

ஆசிரியர்களின் கவனத்துக்கு

இந்தச் செயல்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றுக்கும் புவியியலே காரணம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடக் கூடாது. தூரம் இரு தரப்புக்கும் ஒன்றுதான். இழந்த கப்பல்களுக்குப் பதிலாகப் புதியவற்றை வேகமாகக் கட்டும் ஆற்றல் அமெரிக்காவுக்கு இருந்தது, ஜப்பானுக்கு இல்லை. போரைத் தொடங்க முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். அணுகுண்டு வீச முடிவெடுத்தவர்களும் மனிதர்கள். எங்கே சண்டை நடக்கும், என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைக் கடலும் தூரமும் பெருமளவு தீர்மானித்தன. சண்டை வேண்டுமா என்பதை அவை தீர்மானிக்கவில்லை. இந்த வேறுபாட்டைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பேசிவிடுங்கள்.

மைதானம் இல்லாத பள்ளிகளில் வகுப்பறைத் தரையில் 1 மீட்டர் = 2,000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பாடவேளைகள் போதும். கலந்துரையாட நான் பயன்படுத்தும் வினாக்கள் இவை:

1. மிட்வேயில் ஆறு ஒன்று ஓடியிருந்தால் அமெரிக்கர்களின் தந்திரம் பலித்திருக்குமா?
2. ரபவுலுக்கும் குவாடல்கனாலுக்கும் நடுவே ஜப்பானியர்களுக்கு முன்பே ஒரு நல்ல ஓடுபாதை இருந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?
3. தராவாவில் ஒரு வாரம் கழித்து, அமாவாசையன்று இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தாமதித்தால் வேறு என்ன இழப்பு வரும்?
4. பரப்பளவு சிறியதாக இருந்தும் முக்கியத்துவம் பெற்ற ஓர் இடத்தை உங்கள் மாவட்டத்தில் காட்ட முடியுமா?
5. இந்தப் போரில் ஊர்க்காரர்களின் அறிவு எங்கெங்கே உதவியது, எங்கே புறக்கணிக்கப்பட்டது?

அந்த ஆண்டுத் தேர்வில் மதிப்பெண் எவ்வளவு கூடியது என்று என்னைக் கேட்டால், பெரிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வரைபடத்தில் மிட்வே மீண்டும் ஆப்பிரிக்காவுக்குப் போகவில்லை. கடைசி வரிசை மாணவன், ஒன்பதாம் வகுப்பில் ஓதம் பாடம் நடத்தும் நாளில் என்னோடு வந்து, ஏத்தத்தையும் வத்தத்தையும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. அவனிடம் இருந்தது.